பெரும்பாறை முகாமில் மாற்றிச் சொன்னவை

1

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு கிழவர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இது அதிசயம் இல்லை. அவருக்கு எண்பத்தாறு வயது. மாடு வளர்த்தவர். இப்போது ஞாபகம் முழுக்கப் போய்விட்டது. சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது யாரோ தன்னிடம் திருட வந்திருப்பதாக அவருக்குத் தோன்றிவிடும். அயர்லாந்துக்கு வந்த இந்தப் பதினேழு வருஷத்தில் என்னைக் கடித்திருக்கிறார்கள், கிள்ளியிருக்கிறார்கள், ஒருமுறை ஊன்றுகோலால் முதுகில் வாங்கியிருக்கிறேன். ஒன்றையும் நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை.

இந்த முறை என் கை எழுந்தது. திருப்பி அடிக்க எழுந்த கை. தோள் உயரத்தில் நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கட்டிலில் சுருண்டார்.

இங்கே எது நடந்தாலும் படிவம் உண்டு. 'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' காலை எட்டேகாலுக்கு உடை மாற்றும்போது அவர் அறைந்தார், காயம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையைப் பற்றி எழுதவில்லை. இடம் இருந்தது, நிறையவே இருந்தது.

அதே வாரம் இங்கே எங்கள் ஊர்த் தொண்டர் குழுவிலிருந்து அழைத்தார்கள். இந்த வருஷம் வெளிநாட்டுக்குச் சேவை செய்யப் போகிறவர்களுக்கு நான் பேச வேண்டுமாம். போன வருஷ அனுபவம், பத்து நிமிஷம், நம்பிக்கை தருவதாக இருந்தால் நல்லது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாததைத்தான் தமிழ்நாட்டில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

போன வருஷம் எங்கள் குழுவில் ஆறு பேர். தலைமை டாக்டர் மேவ், அறுபது தாண்டிய பெண்மணி. ஓய்வு பெற்றபின் வருஷம் ஒரு நாட்டுக்குப் போய் இலவச முகாம் நடத்துகிறவர். உகாண்டா, நேபாளம் எல்லாம் முடித்துவிட்டு அந்த வருஷம் இந்தியா என்று முடிவு செய்தார். இடத்தின் பெயரை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பழனி மலையில், கொடைக்கானல் போகும் வழக்கமான பாதையில் இல்லாமல் ஒதுங்கிக் கிடக்கும் காப்பித் தோட்டப் பகுதி. பெரும்பாறை. நான் பிறந்த இடம்.

தொண்டர் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இதற்கு முன் வளரும் நாடு ஒன்றில் இருந்த அனுபவம் உண்டா?' இருபத்தேழு வருஷம் என்று எழுதினேன். அலுவலகத்தில் இருந்த பெண் அதைத் தப்பாக விழுந்த எண் என்று நினைத்து 'இரண்டு வாரம்' என்று திருத்தி வைத்திருந்தாள்.

நான் மொழிபெயர்ப்பாளர், தேவைப்பட்டால் நர்ஸ். என் மகள் நிவேதாவும் வந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் சேவைக்கு மதிப்பெண் உண்டு. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. வீட்டில் நானும் அவள் அப்பாவும் பேசுவது அவள் காதில் மழைச் சத்தம் மாதிரி விழுந்து போகிறது என்றே நினைத்திருந்தேன்.

தோட்டத்துப் பழைய காப்பிக் கிடங்கு ஒன்றை முகாமுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஜெபராஜ் என்பவர் உள்ளூர் ஏற்பாடுகளைப் பார்த்தார். கொடைக்கானலில் அட்டுவம்பட்டிக்காரர். இந்த மாதிரிக் குழுக்கள் பலவற்றைப் பார்த்துச் சலித்தவர்.

முதல் இரண்டு நாள் சிரிப்பாகவே போனது. டாக்டர் மேவ் 'வலிக்குதா' என்று சொல்லக் கற்றுக்கொண்டார். வாயில் வந்தது 'வழுக்குதா'. முட்டியைத் தொட்டு அவர் அப்படிக் கேட்க, ஒரு கிழவி மரியாதையாகச் சொன்னாள்: "ஆமாங்கம்மா, மழ பேஞ்சா எங்க லயத்துப் பாத ரொம்ப வழுக்கும். பாத்துத்தான் போகணும்."

லயம் என்பது தோட்டத்து வரிசை வீடுகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள் அந்தச் சொல்லையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். என் அப்பா அம்மாவும் அப்படி வந்தவர்கள்தான். மூன்றாவது லயம், கடைசி வீடு. இப்போது அதில் வேறு யாரோ.

3

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். தங்கமணி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். காப்பி பறிக்கிறவள். வலது மணிக்கட்டு வீங்கி, கை கோணியிருந்தது. டாக்டர் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். பச்சை, மஞ்சள், நாவல்பழ நிறம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் காயங்கள். ஒரே நாளில் பட்டவை இல்லை. காதுக்குக் கீழே வட்டமாக ஒரு பழைய தீக்காயம்.

"எப்படி ஆனது என்று கேள்" என்றார் டாக்டர்.

கேட்டேன். தங்கமணி டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, வேகமாகச் சொன்னாள்: "அவருதான்க்கா அடிச்சாரு. வெறகுக் கட்டைய எடுத்து. வாசல்லதான் நிக்காரு. டாக்டரம்மாட்ட சொல்லிராதீங்க."

வாசலில் நின்றவனைப் பார்த்தேன். சின்னராசு. தோட்டத்தில் நிழல்மரங்களின் கிளை கழிக்கிறவன். ஒல்லியான ஆள், சுத்தமான சட்டை, கையில் மனைவியின் மருந்துச் சீட்டை மடித்துப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

நான் டாக்டரிடம் திரும்பி, "மிளகு பறிக்க ஏணியில் ஏறியிருக்கிறாள். வழுக்கி விழுந்துவிட்டாளாம்" என்றேன்.

ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. மிளகுக்கொடிக்குச் சாத்தும் ஒற்றை மூங்கில் ஏணி எப்படி இருக்கும், மழையில் எப்படி நழுவும் என்பதையும் சேர்த்து விளக்கினேன். டாக்டர் நம்பினாரா தெரியாது. சிம்பு வைத்துக் கட்டி, கீழே மலையடிவார ஆஸ்பத்திரிக்கு அன்றே ஜீப்பில் அனுப்பி மாவுக்கட்டுப் போட ஏற்பாடு செய்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். எனக்கு ஒன்பது வயதில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா என் அம்மாவை அடிப்பார். லயத்தில் எல்லா வீட்டிலும் அடி இருந்தது, எங்கள் வீட்டில் கொஞ்சம் அதிகம். பெல்ட் இல்லாத வீட்டில் எதுவும் ஆயுதமாகும்: கரண்டி, விறகு, சுவர். அம்மாவின் தலையைச் சுவரில் இடிக்கும் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்டதும் அவர்கள் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். அது எங்களுக்குச் செய்யும் மரியாதை.

அந்த நாட்களில் மேலே கொடைக்கானலிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா ஜீப்பில் வருவார். நல்ல மனுஷி. அம்மாவின் உதட்டைப் பார்த்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்த மைதானத்தில் அப்பாவை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நீ ஆம்பளை? உனக்கு வெட்கம் உண்டா இல்லை?" அவர் உச்சரித்த விதத்தில் கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரைப் பார்த்துச் சிரித்தார்களோ, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்களோ. அப்பாவும் சிரித்தார்.

நான்கு மணிக்கு ஜீப் போனது. ஐந்தரைக்கு அப்பா வந்தார். கதவைச் சாத்தினார். அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அடுப்புக்குப் பின்னால் இருந்தேன். அம்மாவின் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கி ரவிக்கைக்குள் போனதை அங்கிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்தக் காது கேட்கவே இல்லை. அடுத்த வாரம் நர்ஸம்மா வந்து காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்.

சேவை செய்ய வருகிறவர்கள் போய்விடுவார்கள், வீடு அங்கேயே இருக்கும். இதுதான் நான் கற்றது. பின்னால் நர்ஸிங் படித்ததும் வெளிநாடு போனதும்கூட அந்த வீட்டை விட்டு ஓடியதுதான். அதனால்தான் ஏணி என்று சொன்னேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன்.

4

சாயங்காலம் தங்குமிடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிவேதா எதிரே வந்து நின்றாள். இங்கிலீஷில்தான் கேட்டாள்.

"அவர் அடித்தார் என்று அந்த அக்கா சொன்னார்களே. நீ ஏன் ஏணி என்று சொன்னாய்?"

மடித்த துணியைத் திரும்பப் பிரித்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"'அடிச்சாரு' எனக்குத் தெரியும் அம்மா. உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை, ஆனால் நீ தூக்கத்தில் சொல்வாய்."

நான் விளக்கினேன். ஊர் நிலைமை, போலீஸ், லயம், பிறகு நடக்கப்போவது. என் அப்பாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அதை அந்த அக்கா சொல்லட்டும். நீ அவர்களுக்குப் பதிலாகப் பேசினாய்" என்றாள். மறுநாள் காலை உணவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

டாக்டர் மேவ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இங்கே எனக்கு வாயும் காதும் நீதான். நீ பொய் சொன்னால் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்கிறேன்" என்றார். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தார். ஆபத்தில் இருக்கும் நோயாளி பற்றிய படிவம், ஐந்து பக்கம். நேபாளத்திலும் உகாண்டாவிலும் அதையே நிரப்பியிருக்கிறார்.

ஜெபராஜ் என்னைத் தனியாக அழைத்தார். "மேடம், டாக்டர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க. நீங்க ஃப்ளைட் ஏறிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும். கம்ப்ளைன்ட் குடுத்தா அந்தப் பொண்ணத் தங்க வைக்க எடம் வேணும். திண்டுக்கல்ல பெண்கள் விடுதில பேசணும், லெட்டர் வேணும், டைம் ஆகும். எடத்த ரெடி பண்ணிட்டு அப்பறம் போலீஸ்க்குப் போலாம்."

அவர் சொன்னது சரி. அதை நான் டாக்டரிடம் ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன். ஆனால் முந்தைய நாளே பொய் சொன்னவள் சொல்லும் யோசனை யாருக்கு வேண்டும். டாக்டர் அதையும் என் மழுப்பல் என்றே எடுத்துக்கொண்டார்.

தங்கமணியை மறுபடி அழைத்துக் கேட்டார்கள். இந்த முறை நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா. அவருதான்" என்றாள்.

5

டாக்டர் கொடுத்த புகாரின்பேரில் ஐந்தாம் நாள் கீழேயிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் பைக்கில் வந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். சின்னராசுவை வேலையிலிருந்து அழைத்துவரச் சொல்லி, கிடங்கு வாசலில், சீட்டு வாங்க நின்ற கூட்டத்துக்கு முன்னால் விசாரித்தார்கள். ஒருவர் அவன் பிடரியில் ஒன்று வைத்தார். இன்னொருவர் வெள்ளைத்தாளில் எழுதினார்: இனிமேல் மனைவியை அடிக்க மாட்டேன், அடித்தால் சட்டப்படி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். அவன் அதை வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

"சரிப்பா, கூட்டிட்டுப் போ. ஒழுங்கா குடும்பம் நடத்து" என்றார் மூத்தவர்.

டாக்டர் தடுத்தார். அவளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று என்னிடம் சொல்ல, நான் போலீஸ்காரரிடம் சொல்ல, அவர் என்னிடமே திரும்பக் கேட்டார்: "வேற எங்கங்க அனுப்புறது? எடம் இருக்கா?" ஜெபராஜ் தரையைப் பார்த்தார். திண்டுக்கல்லிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

தங்கமணியே எழுந்தாள். "எம் பிள்ள ஆயக்குடில அக்கா வீட்டுல இருந்து படிக்கிது. நான் அங்க போயிர்றேன். நாளைக்கிக் கைய காட்டிட்டு, துணிமணி எடுத்துட்டுக் கெளம்புறேன்."

நல்ல முடிவு என்றே எல்லாரும் நினைத்தோம். அன்று ஒரு நாள்தானே என்று நினைத்தோம். அவர்கள் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக லயத்துக்கு ஏறிப் போனார்கள். கூட்டத்தில் யாரோ சின்னராசு சொன்ன மாதிரியே "கட்டுப்படுகிறேன்" என்று பேசிக் காட்ட, நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. 

6

மறுநாள் பதினொரு மணிக்கு அது நடந்தது.

அவன் குடித்திருக்கவில்லை. கேட்கிற எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். போலீஸ் வந்த ஆளுக்கு இரண்டு நாள் வேலை இல்லை என்று காலையில் அவனுக்குப் பேர் போடாமல் அனுப்பியிருந்தார்கள். வீட்டில் போய்ப் பார்த்தால் தங்கமணி துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டு முகாமுக்கு வந்துவிட்டிருந்தாள்.

அவள் கதவுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று, விரல்களை மடக்கிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் எதிரே. நிவேதா மாத்திரை மேசையில். வெளிச்சம் மறைந்த மாதிரி இருந்தது. நிமிர்வதற்குள் அரிவாள் இறங்கிவிட்டது.

இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே. பச்சை மரத்தில் வெட்டுகிற சத்தம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். ரத்தம் என் முகத்தில் பட்டது, சூடாக இருந்தது. தங்கமணி கத்தவில்லை. ஸ்டூலிலிருந்து சரிந்து, தரையில் மல்லாந்து, மாவுக்கட்டுக் கையைத் தூக்கினாள். இரண்டாவது வெட்டு அந்த மாவுக்கட்டுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. அவன் இழுத்தான். வரவில்லை. அவள் முகத்தில் காலை வைத்து மிதித்து இழுத்தான். ரத்தத்தில் பிடி நழுவியது. அரிவாள் கட்டோடு தொங்கி, பிறகு கழன்று தரையில் விழுந்தது.

அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எடுத்தேன். இரும்பு ஸ்டூல். அவன் அரிவாளுக்குக் குனிந்தபோது முகத்தில் அடித்தேன். தாடை உடைந்தது கைக்குத் தெரிந்தது. அவன் பக்கவாட்டில் விழுந்தான். நிவேதா ஓடிவந்து அரிவாளைக் காலால் தள்ளினாள். அது மேசைக்கு அடியில் போய்விட்டது.

இந்த இடம் வரை நான் செய்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அவன் எழவில்லை. ஒரு கையைத் தூக்கி, விரல்களை விரித்து, வேண்டாம் என்று காட்டினான். நான் அடித்தேன். அந்தக் கை கீழே விழுந்தது. மறுபடி அடித்தேன். ஸ்டூலின் காலைக் குத்தினாற்போல் முகத்தில் இறக்கினேன். எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவன் முகம் இருந்த இடத்தில் என் அப்பாவின் முகம் தெரிந்ததாகச் சொன்னால் உங்களுக்குப் புரிந்துகொள்ள வசதியாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. சின்னராசுவின் முகம்தான் தெரிந்தது. அவனைத்தான் அடித்தேன். அடிக்க அடிக்க உடம்பு லேசானது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் லேசானது. முப்பது வருஷமாகச் சுமந்த ஏதோ ஒன்றை இறக்கி வைக்கிற மாதிரி இருந்தது.

பின்னாலிருந்து யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். வலியில் தலை பின்னால் சாய்ந்தது.

"அம்மா, விடும்மா. போதும். போதும்மா."

நிவேதா. தமிழில் பேசினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

டாக்டர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தங்கமணியின் காயத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். துணிக்கட்டை நிவேதா பிரித்துக் கொடுத்தாள். ஜெபராஜ் ஜீப்பைக் கிளப்பினார். காயத்தை அழுத்திப் பிடிக்கக் குழுவில் ஒருவரோடு தங்கமணியை ஏற்றி அனுப்பியதும் டாக்டர் அவனிடம் போனார். அவன் பற்களில் இரண்டு சிமெண்டுத் தரையில் கிடந்தன.

"எங்கே வலிக்கிறது என்று அவரிடம் கேள்" என்றார்.

நான் அசையவில்லை.

"கேள். நீ என் வாய்."

குனிந்து கேட்டேன். "எங்க வலிக்குது?"

வாய் நிறைய ரத்தத்தோடு அவன் சொன்னான்: "கண்ணு தெரியல."

"கண் தெரியவில்லையாம்" என்றேன்.

7

இன்ஸ்பெக்டர் சாயங்காலம் வந்தார். பெயர், அப்பா பெயர், ஊர் கேட்டார். இந்தத் தோட்டத்து மூணாவது லயம் என்றேன். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு எழுத்தர், "அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த பெண்மணின்னு போட்டுக்கறேன் மேடம். தமிழ் நல்லாப் பேசுறீங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். "அவன் முகத்தப் பாத்தேன். ஒரு அடில அப்படி ஆகாது. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். கடைசி வரைக்கும் அருவா அவன் கையிலதான இருந்துச்சு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. வழக்கு நிற்க வேண்டும், வெளிநாட்டுப் பெண் சிக்கலில் மாட்டக் கூடாது, அவ்வளவுதான். ஒரு சொல்லில் முடிகிற காரியம்.

"ஆமா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து நீதிபதிக்கு முன்னாலும் அதையே சொன்னேன். நிவேதா மைனர் என்பதால் அவளிடம் அப்போது வாக்குமூலம் எதுவும் வாங்கவில்லை. முகாமை மூடிவிட்டு எங்களை விமானம் ஏற்றினார்கள்.

கிளம்புமுன் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் தங்கமணியைப் பார்த்தேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அக்கா, அன்னைக்கு ஏணின்னு சொன்னீங்களாம்ல. உங்க பாப்பா சொல்லுச்சு."

"நீதான சொல்லாதீங்கன்னு சொன்ன."

"சொன்னேன். எத்தன பேருகிட்ட அப்படிச் சொல்லிருக்கேன். நீங்க நம்ம லயத்து ஆளுன்னாங்க. அதனால சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

 நான் அவள் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

8

தங்கமணி இப்போது ஆயக்குடியில் அக்காவோடும் மகளோடும் இருக்கிறாள். கொய்யாப்பழ மண்டியில் உட்கார்ந்து பழம் தரம் பிரிக்கிற வேலை. இடது கை நெஞ்சுக்கு மேல் எழாது. சின்னராசுவுக்கு வலது கண் போய்விட்டது. ஜாமீனில் இருக்கிறான். அவன் ஆட்கள் சமரசம் பேச இரண்டு தடவை வந்தார்களாம். "எனக்குச் சோலி கெடக்கு, போங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள் போனில்.

டாக்டர் மேவ் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். தங்க இடம் தயாராகும்வரை தான் காத்திருந்திருக்க வேண்டும் என்றார். நான் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் என் பேச்சைக் கேட்டிருப்பீர்கள் என்றேன். இருவரும் அதற்கு மேல் போகவில்லை. அதன்பின் அவர் எங்கும் முகாமுக்குப் போகவில்லை.

நிவேதாவுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. வழக்கு விசாரணைக்கு வந்திருக்கிறது. சாட்சி சொல்ல அவளுக்கும் அழைப்பு வந்தது. அரசு வக்கீல் என்னைப் போனில் கூப்பிட்டு, தாயும் மகளும் ஒரே மாதிரி சொன்னால் வழக்கு சுலபம் என்று இரண்டு முறை சொன்னார். மாறிச் சொன்னால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், என்மேலும் வழக்கு வரலாம், பொய் சாட்சி வேறு.

ஆயக்குடிக்குப் போன் போட்டேன். கண் போன ஆள்மேல் நீதிபதிக்கு இரக்கம் வந்துவிட்டால் உன் வழக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். பின்னால் மண்டியில் பழக்கூடைகளை இழுக்கிற சத்தம் கேட்டது.

"பாப்பா பாத்தத பாப்பா சொல்லட்டும்க்கா" என்றாள் தங்கமணி. "நானும் கீழ கெடந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். என்னயக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நிவேதா சமையலறை மேசையில் நோட்டோடு உட்கார்ந்தாள். கோர்ட்டில் இங்கிலீஷில் சொல்லலாம், மாற்றிச் சொல்ல ஆள் வைப்பார்கள் என்றேன்.

"ஆள் வேண்டாம்" என்றாள். "நானே சொல்றேன்."

இங்கிலீஷில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தோளுக்கு என்ன, கழுத்துக்கு என்ன, குனிந்தார் என்று எப்படிச் சொல்வது, ஸ்டூலுக்குத் தமிழ் உண்டா. நான் பாத்திரம் துலக்கியபடி சொல்லச் சொல்ல, இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். அரிவாளில் ழகரமா ளகரமா என்று கேட்டாள். மேசைக்கு அடியில் தள்ளினேன் என்பதை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். நன்றாகச் சொன்னாள்.

பிறகு பேனாவால் ஒரே இடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினேன்.

"அம்மா, 'அகெய்ன் அண்ட் அகெய்ன்' தமிழ்ல எப்படிச் சொல்றது?"

என் மகள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"திரும்பத் திரும்ப" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.